நாலொன்பது

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு நாலொன்பது என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவள் அசரவில்லை, போனை எடுத்தாலே "நாலொன்பது பேசறேன்" என்பாள். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறும். ஏறட்டும்.

ரயில் நிலையங்களின் பிளாட்பார விவரங்களை எடுத்துத் தருவதற்கு ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. நிலையத்தின் பெயரைத் தட்டினால் எத்தனை பிளாட்பாரம், நீளம் என்ன, தண்டவாளத்திலிருந்து உயரம் என்ன என்று திரையில் வந்துவிடும். உயரம் ரயில் கதவுக்குச் சமமாக இருந்தால் 'சக்கர நாற்காலியில் தனியாக இறங்கலாம்' என்று பச்சையில் ஒரு வரி. குறைவாக இருந்தால் சிவப்பு வரி. அந்த நிலையத்தார் சாய்வுப் பலகையோடு காத்திருக்க வேண்டும். பழைய பதிவேடுகளைப் பார்த்து எண்களை ஏற்றுவது எங்கள் வேலை.

பாதிப் பதிவேடுகளில் உயரமே இல்லை. மென்பொருளோ கட்டத்தைக் காலியாக விட விடாது. எழுத்தையும் ஏற்காது, மில்லிமீட்டரில் நாலு இலக்கம் வரை எண் மட்டும்தான்.

மேனேஜர் வழி சொன்னார். "பக்கத்து ஸ்டேஷன்ல என்ன இருக்கோ அதையே போடுங்க. எல்லாம் ஒரே மாதிரி கட்டினதுதானே."

நான் எண்பத்து மூன்று பிளாட்பாரங்களுக்கு 760 என்று போட்டேன், எல்லாவற்றுக்கும் பச்சை வரி வந்தது. கை கூசவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் தன் பட்டியலில் உயரம் தெரியாத நூற்றுப் பன்னிரண்டுக்கும் 9999 என்று போட்டிருந்தாள்.

"என்னம்மா இது, பத்து மீட்டர்? மூணு மாடி உயரத்துல பிளாட்பாரமா?"

"யாரும் அளக்கலண்ணா. தெரியாதுன்னு எழுத விடமாட்டேங்குது. அதான் பாக்கறவங்க யாருமே நம்பாத நம்பராப் போட்டேன்."

"760 போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

அப்போதுதான் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அக்காவுக்குச் சக்கர நாற்காலிதான். போன வருடம் ஒரு பழைய பட்டியலை நம்பித் தனியாக ரயில் ஏறியிருக்கிறாள். கதவு திறந்தால் பிளாட்பாரம் முழங்கால் அளவு கீழே கிடக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேர் மூட்டையை இறக்குவதுபோல இறக்கியிருக்கிறார்கள். அதில் ஒருவன், "இப்படி இருக்கறவங்க எதுக்குத் தனியா வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அக்கா ரயில் ஏறவில்லை. இப்போது நாலு நிலையம் தள்ளி ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"அந்த ஸ்டேஷன் ரெண்டாம் பிளாட்பாரம் உங்க லிஸ்ட்லதாண்ணா இருக்கு. 760ன்னு போட்டிருக்கீங்க. அளந்ததா?"

நான் என் பட்டியலை மூடினேன்.

"எங்க அக்காவுக்கு நான் போய்ப் பாத்துட்டு வந்துடுவேன். மத்தவங்க அக்காவுக்கு யாரு போவாங்க?"

மேனேஜர் மாற்றச் சொன்னார். அதட்டிப் பார்த்தார், பிறகு குழைந்தும் பார்த்தார். "அளந்த நம்பர் குடுங்க சார், இப்பவே போடறேன்" என்பதைத் தவிர அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. கடைசியில், ஆயிரம் நிலையத்தில் இது யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிட்டார்.

பட்டது. மென்பொருளைப் பார்க்க வந்த பெரிய அதிகாரி தன் சொந்த ஊர் நிலையத்தைத் தட்டச் சொன்னார். திரையில் 9999 வந்து நின்றது. கூடமே சிரித்தது.

"டைப் பண்ணும்போது தப்பாயிடுச்சு சார்" என்று மேனேஜர் வியர்த்தார்.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். "தப்பு இல்ல சார். தெரிஞ்சேதான் போட்டேன். அந்தப் பிளாட்பாரத்தை யாரும் அளக்கல."

அதிகாரியின் முகம் கடுத்தது. "அப்ப நீங்களே போய் அளந்துட்டு வாங்க. அத்தனையும். ஒரு மாசம் டைம்."

"சரி சார். அதை எழுத்துல குடுத்துடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தில் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே பெயரும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் என் தோளில் தட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "லிஸ்ட்டுன்னா இவரு லிஸ்ட்டு. ஒரு குறை சொல்ல முடியுமா?" இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் அறைக்குள் போனதும் என் பட்டியலைத் திறந்தேன். எண்பத்து மூன்று 760ஐயும் அழித்து எண்பத்து மூன்று 9999 போட்டேன்.

"ரிட்டயர் ஆகற வயசுல உங்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார்.

"நான் எதையும் அளக்கல சார்" என்றேன். அந்த அறையில் அதுவரை "சரி சார்" தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. சொன்னது நன்றாக இருந்தது.

எனக்கும் அதே உத்தரவு எழுத்தில் கிடைத்தது. அவள் மேசைமேல் அளவு டேப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்னு நெனச்சேண்ணா. எந்த ஸ்டேஷன் முதல்ல?"

அவள் அக்கா வேலைக்குப் போய் இறங்க வேண்டிய நிலையத்துக்கே முதலில் போனோம். ரயில் இல்லாத நேரம் பார்த்து, நிலைய ஊழியர் ஒருவர் கொடியோடு நிற்க, நான் இறங்கித் தண்டவாளத்தில் டேப்பை அழுத்திப் பிடித்தேன். அவள் மேலே குனிந்து எண்ணைப் படித்தாள். 410.

நான் போட்டது 760. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நானூத்திப் பத்துதான். தனியா இறங்க முடியாது."

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"அளந்துட்டல்ல? அதை அப்படியே ஏத்து. ஒண்ணாம் தேதி நான் வருவேன். பலகையோட நிக்கறது அவங்க வேலை."