கரமனையில் கற்ற ‘ஃபீல்’

காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறியதுமே என் மனைவி செல்வி என்னை நோயாளியாக்கிவிட்டாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலை. மதியம் திருவனந்தபுரத்தில் நேர்காணல்; நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் பேசிக் காட்ட வேண்டும். போன தடவை கோட்டை விட்டிருந்தாள். இதுவும் போனால் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “ஹவ் டு யூ ஃபீல்?” என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள். எழுபது கிலோமீட்டரும் இதே கூத்து. எரிச்சலாக வந்தது. ‘ஃபீல்’ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பிறகு எதில்தான் தோற்றாள்?

திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி, பத்து ரூபாய் பஸ் டிக்கெட்டில் கரமனை. ஆற்றை ஒட்டிய அக்ரகாரத் தெருவில், செல்வியோடு முன்பு ஒரே வார்டில் வேலை பார்த்த மைதிலியின் வீடு. தெரு அத்தனை சுத்தம். செருப்போடு நடக்கவே கூச்சமாக இருந்தது. மைதிலி எங்களுக்குக் காப்பி கொடுத்த கையோடு, கூடத்துக் கட்டிலில் நோயாளியாகப் படுத்துவிட்டாள்.

செல்வி அதே கேள்வியைக் கேட்டாள். கேட்கும்போதே அவள் கை ஊசி போட நரம்பு தேடியது. பாவம், அவள் வேலை பார்ப்பது கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையிலும் ஆள் படுத்திருக்கும் வார்டு. பதிலுக்கு நின்றால் அங்கே வேலை ஓடாது.

மைதிலி எழுந்து உட்கார்ந்தாள்.

“நாமெல்லாம் இப்படியே பழகிட்டோம். ஃபீல்னு கேட்டா நிக்கணும், கேட்டியா. கையைக் கட்டிண்டு சும்மா இரு. அவா மெதுவா சொல்லுவா.”

என்ன மனுஷி! முகம் சுளிக்காமல், மதியம்வரை படுத்துப் படுத்து எழுந்தாள். செல்வியின் விரல்கள் தவித்துத் தவித்து அடங்கின.

நேர்காணல் நடந்த ஓட்டல் வாசலில் நான் நகம் கடித்துக்கொண்டு நின்றேன். “எந்து பற்றி, சேட்டா?” என்று ஓர் ஆட்டோக்காரர் மலையாளத்தில், என்ன ஆச்சு என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். மனிதர் நகரவே இல்லை. முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் தலையாட்டிவிட்டுப் போனார். சவாரி கேட்கவில்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். நோயாளியாக நடித்தவர் வெகுநேரம் பேசவே இல்லையாம். இவளும் அசையவில்லையாம். வேலை உறுதி என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

மாலை ஐந்து மணி ரயில். நேமம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “ஹவ் டு யூ ஃபீல்?” என்றாள். ‘ஃபைன்’ நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். பாலராமபுரம் போயிற்று. நெய்யாற்றின்கரையும் போயிற்று. பாறசாலையில்தான் எனக்குக் குரல் வந்தது.

“நீ இல்லாம அந்த வீட்டுல எப்படி இருக்கப்போறேன்னு தெரியல, செல்வி.”

அப்போதும் அவள் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை.