கொம்பியூட்டருக்குள் ஒரு பழைய கொம்பியூட்டர்

சில வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிலிமத்தலாவையில் நான் வேலை செய்யும் எம்பிராய்டரி கடையில் நடந்தது இது. பாடசாலை பேட்ஜ், கோயில் திரைச்சீலை எல்லாம் மெஷினில் தைப்போம். டிசைனைக் கொம்பியூட்டரில் திறந்து மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதை எங்கே அழுத்துவது என்று பார்த்துப் பழகியதுதான்.

பழைய கொம்பியூட்டர் பழுதானபோது முதலாளி புதிது வாங்கினார். கடைக் கொம்பியூட்டரைத் திருத்த மடவளையிலிருந்து வரும் தம்பி, புதியதற்குள்ளேயே, திரையில் பழைய கொம்பியூட்டரைப் போலவே தெரியும் ஒன்றை ஓட வைத்து, அதற்குள் தையல் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். கரண்ட் போனால் புதியது, அதற்குள் பழையது, அதற்குள் புரோகிராம் என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை. மாலைப் பூசைக்குக் கட்ட வேண்டும். வாங்கிப்போக வந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சூலம் முடிந்து சிங்கத்தைத் தொடங்கும் நேரம் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் புதிய கொம்பியூட்டர் திறந்தது. உள்ளே இருந்த பழையது திறக்கவே இல்லை.

“சாமி கும்புடவே ஒரு கதவுதான் தம்பி. ஒரு சிங்கத்துக்கு இத்தன கதவா?” என்றார், நான் ஒவ்வொன்றாகத் திறந்ததைப் பார்த்திருந்த அக்கா. சிரித்தாலும் கண் ரோட்டில்தான் இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால் பூசைக்குத் திரை இல்லை, கமிட்டிக்காரர்கள் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்றார்.

முதலாளி நூல் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய போனும் கிடைக்கவில்லை. கொம்பியூட்டர் திருத்தும் அந்தத் தம்பியோடு நான் ஒருநாளும் பேசியதில்லை. அவர் ஜும்மாத் தொழுகை முடித்து வரும்வரை காத்திருந்து, வேறு வழியில்லாமல் நானே போன் எடுத்தேன்.

“உள்ளுக்குப் போகவே தேவல்ல அண்ணே. புரோகிராம், டிசைன் எல்லாம் வெளியிலயும் ஈக்குது. புதுசுல அது நல்லா ஓடும்” என்றார்.

பிறகு உள்ளே எதற்கு ஒன்று என்று கேட்டேன்.

“அது ஒங்களுக்காகப் போட்டது. மொதலாளிதான் சொன்னார், அந்த மனுசன் பழசப் பார்த்துத்தான் பழகியிருக்கார், மாத்தினா பயந்து வேலைய விட்டுட்டுப் போயிருவார்னு.”

புரோகிராமை வெளியில், புதியதிலேயே திறந்தேன். எல்லாம் இடம் மாறியிருந்தது. பின்னால் நின்ற அக்காதான் விரலை நீட்டி, “அந்தா இருக்கு ஒங்க சிங்கம்” என்றார். மெஷின் ஓடியது. தொங்கிய நூல்களை பஸ்ஸில் வெட்டிக்கொள்கிறேன் என்று திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பஸ் கிடைத்தது.

அன்றிலிருந்து வெளியிலேயே திறந்து வேலை செய்கிறேன். முதலாளியிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. கொம்பியூட்டருக்கு அந்தப் பழையது வீண்சுமை என்பதில் சந்தேகமில்லை. அதைப் போடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சில நேரம் தோன்றும். கேட்டிருந்தால், பயமாக இருக்கிறது, பழையதே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.