ஆசைக்குப் புடிக்கறனுங்க

தூண்டில் தக்கை அசையும்போது ரங்காத்தாளைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். இடது கையைப் பின்னால் நீட்டி, "சித்தெ இரு" என்று விரலை ஆட்டுவாள். தக்கை முங்கியதும் ஒரே வெட்டாக வெட்டி இழுப்பாள். கெண்டை வெயிலில் துள்ளும். அதன் வாயிலிருந்து முள்ளைப் பதமாகக் கழற்றி, "போயிட்டு வா கண்ணு" என்று குளத்திலேயே விட்டுவிடுவாள்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால், "எனக்கு ஜோலி இருக்குதுங்க" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்வாள். ஆடு மேய்த்த வயதில் குண்டூசியை வளைத்து ஆரம்பித்த ஜோலி. தாலி கட்டிய பிறகும் விடவில்லை. கட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை.

இத்தனைக்கும் மீன் வாடையே அவளுக்கு ஆகாது. "திங்கறதுமில்ல, விக்கறதுமில்ல. அப்பறம் எதுக்குக்கா?" என்பாள் பக்கத்து மிஷின் மயிலாத்தாள்.

"நீ எதுக்குடி சினிமாவுக்குப் போற? படத்தப் புடிச்சு ஊட்டுக்கா கொண்டாற?"

தொண்ணூற்றிரண்டில் மகன் வேலுமணிக்கு மூலனூரில் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா சென்னியப்பன், முருங்கைக்காய் வியாபாரி. "கல்யாணம் முடியற வரைக்கும் கொளத்துப் பக்கம் போவாதம்மா" என்று மகன் கெஞ்சினான். ஞாயிறு வந்ததும் அவள் தூண்டிலோடு கிளம்பிவிட்டாள்.

அன்று பார்த்துச் சென்னியப்பன் சொல்லாமல் வந்து நின்றார். சம்பந்தியம்மா குளத்தில் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லிவிட, நேரே கரைக்கே நடந்தார். வேலுமணி முன்னால் ஓடிவந்து அம்மாவின் காதருகே குனிந்தான்.

"கொழம்புக்குன்னு ஒரு வார்த்த சொல்லீரும்மா."

சென்னியப்பன் நல்ல மனுஷர். தப்பிக்க அவரே வழியும் கொடுத்தார். "கொழம்புக்குங்களா?"

ரங்காத்தாள் எழுந்து நின்றாள். "இல்லீங்க. ஆசைக்குப் புடிக்கறனுங்க."

"பொம்பளைக்கு இதென்னங்க ஆசை?"

"உங்க புள்ளைக்கும் எதாச்சும் ஒரு ஆசை இருக்குமுங்க. கேட்டுப் பாருங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சம்பந்தம் அதோடு முறிந்தது. அன்று சாயங்காலம் வேலுமணி தூண்டிலை முழங்காலில் வைத்து ஒடித்து அடுப்பில் திணித்தான். "ஒரு பொய்யி சொன்னா என்னம்மா கொறஞ்சு போயிரும்?"

மூங்கில் வெடித்து எரிவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒருக்கா அப்படிச் சொல்லீட்டன்னா, காலம்பூரா கொழம்பு வெக்கோணும் கண்ணு."

வாரம் முழுக்க கம்பெனியிலும் தெருவிலும் அவள் பேச்சாகவே இருந்தது. அவள் தலை கவிழாமல் வேலைக்குப் போனாள், வந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, கடைவீதியில் இருப்பதிலேயே நீளமான மூங்கிலாகப் பொறுக்கி வாங்கினாள். வீட்டுக்குச் சந்து வழியாக வந்திருக்கலாம். டீக்கடை முக்கு வழியாக வந்தாள். பெஞ்சை நிறைத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குங்க்கா மூங்கிலு?" என்று ஒருவன் சிரித்தான்.

ரங்காத்தாள் அங்கேயே நின்றாள். தோளில் மூங்கில் இருந்தபடியே, அவசரமில்லாமல், அவன் பக்கம் திரும்பினாள். மூங்கில் நுனி பெஞ்சுக்கு மேலே சுழல, அத்தனை பேரும் தலை குனிந்தார்கள்.