நான் உட்கார்ந்திருந்த கல்

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் குடியிருந்தபோது எங்கள் மிக்ஸி கெட்டுப்போனது. பத்து நாளாகச் சொல்லியும் என் கணவர் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை லீவன்று ஆபீஸ் நண்பரின் ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு, "மலையில யாரோ டப்பா ஒளிச்சு வச்சிருக்காங்களாம், கண்டுபிடிக்கிறவங்க உள்ள இருக்கற நோட்டுல எழுதணுமாம், அது ஒரு விளையாட்டு, தேடுவோம் வா" என்று இழுத்துப் போனார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து, "மிக்ஸிய ரிப்பேருக்குக் குடுக்க நேரமில்ல, டப்பா தேட நேரமிருக்கா?" என்று கத்தினேன்.

டப்பா என் காலடியிலேயே இருந்தது. உள்ளே ஒரு நோட்டு. இந்த மலையில் முதல் ரோடு போட்டவர்கள் தங்கிய இடம் இது, அவர்கள் யாரென்று தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டப்பாவைத் தேடிப் பின்னால் வந்தவர்கள், நான் உட்கார்ந்திருந்த தட்டைக் கல்லைப் பற்றி எழுதியிருந்தார்கள். பலிபீடம் என்றார் ஒருவர். கற்காலக் கருவி என்றார் இன்னொருவர்.

எழுந்து பார்த்தேன். நடுவில் தேய்ந்திருந்தது. மேலெல்லாம் உளியால் கொத்திய புள்ளிகள். பக்கத்தில் பாதி புதைந்த குழவி.

"என்னங்க, இது அம்மிங்க!"

அவர் மணலைத் தள்ளினார். கல்லின் பக்கவாட்டில் தமிழில் 'மாரி, தொண்டி' என்று செதுக்கியிருந்தது. பகலெல்லாம் ரோட்டுக்காக மலையை உடைத்துவிட்டு வந்து, இங்கே மிளகாய் அரைத்திருக்கிறார் அந்தத் தொண்டி ஊர்க்காரர்.

அம்மியில் உட்காரக் கூடாது என்பார்கள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினேன். நோட்டில் 'தெரியவில்லை' என்ற வரியை அடித்து, மாரியின் பெயரை எழுதினேன்.

திரும்பும்போது மிக்ஸியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சண்டை முடிந்தது என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். எத்தனையோ முறை வந்த ரோடுதான் அது. யார் போட்டது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.