கைரியாவின் கோணல் கார்ட்டுகள்

கைரியாவுக்குக் கோபம் வந்தால் பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்று அவள் புருஷன் ஹலீம் சொல்வான். சொல்லிவிட்டு, அவள் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுவான். கடுகண்ணாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பகலெல்லாம் ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன், பாவம், வீட்டிலாவது கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று பார்ப்பான். கிடைக்காது. ஆனால் கைரியாவைக் கெட்டவள் என்று குடும்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் இல்லை என்பார்கள்.

அவள் வாய் அப்படி, கை வேறு ரகம். அந்தக் கைக்குக் கோபமே தெரியாது. பிரிஸ்டல் போர்ட் அட்டையை மடித்து, மடிப்பின் மேல் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பு. கோடு அவ்வளவு சுத்தமாக விழும். கத்தரிக்கோலை எடுத்தால் பென்சில் கோடு எதுவும் வேண்டாம், கண்ணே போதும். கலியாணமாகி வந்த முதல் பெருநாளுக்கு மாமியாருக்கு ஒரு கார்ட் செய்து கொடுத்தாள். மாமியார் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மக்காவுக்கு உம்றா போய் வந்த பெரியப்பா, பிள்ளை பெற்ற மச்சி, பரீட்சை பாஸான மருமகன் என்று குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் கைரியாதான் கார்ட். வாட்ஸ்அப் வந்த பிறகு வெளி ஆட்களும் ஓடர் கொடுக்கத் தொடங்கினார்கள். "சும்மா ஒரு கார்ட்தானே, நாளைக்குத் தாங்களே" என்று எவளாவது சொல்லிவிட்டால் தொலைந்தாள். "சும்மாவா? அப்ப நீங்களே சும்மா இருந்து செஞ்சுகொள்ளுங்களே!" என்று போனிலேயே ஒரு பிடி பிடித்துவிடுவாள். பிறகு செய்தும் கொடுப்பாள். அதுதான் கைரியா.

வினை வந்தது வேறு எங்கிருந்தும் இல்லை, சொந்த மதினியிடமிருந்து. ஹலீமின் மூத்த சகோதரி சகீனா, அதே பாதையில் மேட்டு வீடு. சகீனாவின் மகள் ஸுமைராவும் கைரியாவின் மகள் ஆஸிகாவும் நான்காம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறவர்கள். ஆசிரியர் தினத்துக்கு வகுப்பில் கார்ட் போட்டி. பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்று வகுப்பு டீச்சர் அபீபா கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். நல்லவற்றை ஒபிஸ் சுவரில் குத்தி வைப்பார்களாம், முதலாவதுக்குப் ரிபன் பட்டியில் செய்த பேட்ஜ் குத்துவார்களாம்.

சகீனா மதினி அன்று பின்னேரமே வந்துவிட்டாள். "கைரியா, ஸுமைராக்கு ஒண்டு செஞ்சு தாங்க. ஆனா உங்கட வேல மாதிரி ஈக்க வாணாம். பிள்ள செஞ்ச மாதிரி ஈக்கணும். வெளங்குதா? கொஞ்சம் கோணலா."

"கோணலாவா? எனக்குக் கோணலா வெட்ட ஏலா மதினி."

"அட, உங்களுக்கு ஏலாததும் ஒண்டு ஈக்கா?"

இந்தப் பேச்சுத்தான் கைரியாவைக் கவிழ்த்தது. முதலில் அவளுக்குச் சினம்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் நேராக வெட்டப் பழகின கையிடம் போய்க் கோணலாக வெட்டு என்றால்? வீம்புக்கு முயன்று பார்த்தாள். வலது கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வேண்டுமென்று வளைத்தாலும் அந்த வளைவிலும் ஒரு ஒழுங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றினாள். அப்பப்பா! ரோசாப்பூவின் ஒரு இதழ் பெரிசு, ஒன்று சின்னது, காம்பு முறிந்த மாதிரி, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி. சாப்பாட்டுக்கும் சலாமுக்கும் உதவாத கை இந்த வேலைக்கு உதவிற்றே என்று அவளே சிரித்துவிட்டாள். பசையையும் விரலால் கொஞ்சம் பூசி அழுக்காக்கினாள். சகீனா மதினி கார்ட்டைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

மதினியின் வாயில் எது தங்கும்? தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் சேதி போய், ஜஹானா கேட்டாள், அவளைப் பார்த்து அடுத்தவள் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே பாட்டு: கோணலா, பிள்ள செஞ்ச மாதிரி. வகுப்பில் பாதிப் பேருக்காவது கைரியாவின் இடது கைதான் கார்ட் செய்தது. ஒருத்திக்கு வானவில், ஒருத்திக்கு மெழுகுதிரி, ஒருத்திக்குப் புத்தகம். எல்லாவற்றிலும் அந்த எலி கடித்த ரோசாப்பூ.

ஆஸிகா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கு உம்மா இப்படி அசிங்கமா வெட்டுறீங்க?"

"ஓடர் அப்படி மகள். நீங்க உங்கட வேலயப் பாருங்க. உங்கட கார்ட்டை நான் தொட மாட்டேன். டீச்சர் சொன்னா சொன்னதுதான்."

தொடவும் இல்லை, அது சத்தியம். ஆஸிகா தானே மடித்தாள், தானே கரண்டியின் முதுகால் இழுத்தாள், தானே பேப்பரைச் சுருட்டிப் பூச் செய்தாள். நடக்கப் பழகிய நாள் முதல் அந்தப் பாயிலேயே கிடந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்குக் கோணலாக வெட்டத் தெரியாது. உள்ளே, "எங்களுக்குப் படிச்சுத் தரும் டீச்சருக்கு" என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினாள். கைரியா அதைப் பார்த்துவிட்டு குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு பெருமை.

ஆசிரியர் தினத்தன்று பிள்ளை திரும்பி வந்து பையை மூலையில் எறிந்தாள். சோறு வேண்டாம் என்றாள். குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் வந்தது. அபீபா டீச்சர் எல்லாக் கார்ட்டையும் மேசையில் பரப்பிப் பார்த்திருக்கிறார். கோணல்களையெல்லாம் எடுத்து, "பாருங்க, இதுதான் பிள்ளைகள்ட வேல, சொந்த முயற்சி" என்று பாராட்டி, ஒபிஸ் சுவரில் குத்த எடுத்து வைத்திருக்கிறார். ஆஸிகாவின் கார்ட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, "இது யாருட வேலயெண்டு எல்லாருக்கும் தெரியும். உம்மா கார்ட் செய்ற ஆள்தானே. கள்ள வேல செய்யவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். பேட்ஜ் ஸுமைராவுக்கு.

கைரியாவுக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கள்ளியா? என்ட பிள்ளையா? இடது கையால் வெட்டியதெல்லாம் சொந்த முயற்சி, சொந்த முயற்சி கள்ள வேலை! என்ன கண்ணடா அந்த டீச்சருக்கு!

அந்த நேரம் பார்த்துச் சகீனா மதினி ஒரு தட்டில் இனிப்புத் தொதலோடு வந்து நிற்கிறாள். "உங்கட கை ராசியான கை கைரியா. ஸுமைராக்கு முதலாவது!" கைரியா தட்டையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "தொதலும் வாணாம், ஒண்டும் வாணாம். எடுத்துக்கொண்டு போங்க மதினி, போங்க!" மதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ராவு ஹலீம் சமாதானம் பேசினான். "விடுங்க. சின்னப் பிள்ளைகள்ட விசயம். நீங்க போய்ச் சொன்னா வகுப்பில பாதித் தாய்மார்ட மானம் போகும். என்ட தாத்தா, சகீனாட மானமும் போகும். நாளைக்கு யார் உங்கள்ட கார்ட் கேட்டு வருவாங்க?"

"உங்கட சகோதரிட மானம் பெரிசு, உங்கட மகள்ட மானம் ஒண்டுமில்ல, அப்படித்தானே?"

ஹலீம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது அவள் மனசில் அரித்துக்கொண்டுதான் இருந்தது. கோபம் எவ்வளவு பெரிசோ, அந்தக் கோபத்தைப் போய்க் கொட்ட முடியாத இக்கட்டும் அவ்வளவு பெரிசு. அந்தக் கோணல்களைச் செய்தவள் யார்? அவள்தானே! தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த நாள் பூராவும் பானை சட்டிகளை உருட்டினாள். சும்மா விட்டுவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

அன்று அந்தியில் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆஸிகா பாயில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து ரோசாப்பூ வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெட்டிப் போட்ட துண்டுகள்.

"என்ன மகள் செய்றீங்க?"

"பழகுறேன் உம்மா. நேரா வெட்டினா நம்புறாங்க இல்லத்தானே."

கைரியா கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். பிள்ளை பயந்துபோனாள். ஏசவில்லை, அடிக்கவில்லை, பிள்ளையின் இடது கையை எடுத்துத் தன் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மானமாவது மண்ணாவது, காலையில் ஸ்கூலுக்குப் போகிறேன் என்று அப்போதே முடிவாயிற்று.

காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு அவள் இறங்கி நடந்த வேகத்துக்கு ஆஸிகா ஓடித்தான் வர வேண்டியிருந்தது. மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நேரே ஆசிரியர் அறைக்கு டீச்சரிடம் போனாள். அபீபா டீச்சர் கதிரையைக் காட்டினார். கைரியா உட்காரவில்லை.

"என்ட மகளக் கள்ளியெண்டு சொன்னீங்களாம்."

"கோவப்படாதீங்க. தாய்மாருக்கு ஆசைதானே, நல்லா வரணுமெண்டு. ஆனா அந்த மடிப்ப ஒரு பிள்ளையால மடிக்க ஏலுமா? நீங்களே சொல்லுங்க."

"ஏலும். என்ட பிள்ளைக்கு ஏலும். கோணலா வெட்டினதெல்லாம் உங்கட சுவத்தில குத்தி ஈக்கி டீச்சர். அது பிள்ளைகள் செஞ்சதில்ல. நான் செஞ்சது."

டீச்சர் சிரித்தார். பிள்ளைக்காகத் தாய் என்ன கதையும் சொல்வாள் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டதும் கைரியாவுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் கிடந்த கத்தரிக்கோலை இடது கையால் எடுத்தாள், ஒரு தாளை இழுத்தாள், நின்ற நிலையிலேயே வெட்டினாள். பெரிய இதழ், சின்ன இதழ், முறிந்த காம்பு, எலி கடித்த ஓரம். பூவை டீச்சருக்கு முன்னால் போட்டாள். "கொண்டுபோய்ச் சுவத்தில ஈக்கிறதோட வச்சிப் பாருங்க."

டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பைக் காணோம். "சரி, நடந்தது நடந்திட்டு. ஆஸிகாக்கும் ஒரு பேட்ஜ் குத்திவிடுறேன்" என்றார்.

"பேட்ஜ் யாருக்கு வேணும்? வகுப்புக்கு முன்னால கள்ளியெண்டீங்க. வகுப்புக்கு முன்னாலயே இல்லையெண்டு சொல்லுங்க."

"அப்ப மத்தப் பிள்ளைகள வெக்கப்படுத்தவா?"

"என்ட பிள்ள வெக்கப்பட்ட நேரம் உங்களுக்கு இந்த யோசன வரல்லையே!"

டீச்சர் எழுந்து முன்னே நடந்தார், கைரியா பின்னே. வகுப்பு எழுந்து நின்று சலாம் சொன்னது. அபீபா டீச்சர் அலுமாரிக்கு மேலிருந்து ஆஸிகாவின் கார்ட்டை எடுத்துத் தூசு தட்டினார். "பிள்ளைகள், நான் ஒரு பிழை செஞ்சேன். இது ஆஸிகா தன்ட கையாலதான் செஞ்சது. அவ பொய் சொல்லல்ல. நான்தான் பிழையா நினைச்சேன்." சொன்ன விதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆஸிகா தலையைக் குனிந்துகொண்டு மேசையைச் சுரண்டினாள். ஆனால் காது மடல் சிவந்திருந்தது, உதட்டில் ஒரு சிரிப்பு தப்பிவந்திருந்தது.

கைரியா அதோடு போயிருக்கலாம். ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. "உங்கள்ல ஒரு பிழையும் இல்ல மக்கள். உங்கட உம்மாமார் கேட்டாங்க, நான் செஞ்சு குடுத்தேன். சுவத்தில ஈக்கிறதெல்லாம் என்ட வேலதான். இனி ஒருத்தருக்கும் அப்படிச் செஞ்சு தர மாட்டேன்" என்றாள்.

முன் வாங்கில் உட்கார்ந்திருந்த ஸுமைரா எழுந்தாள். நெஞ்சில் பேட்ஜ் இருந்தது. மருமகள் அழப்போகிறாள், மதினி வீட்டோடு உறவு இன்றோடு முடிந்தது என்று கைரியா நினைத்தாள். ஆனால் பிள்ளை அழவில்லை.

"மாமி, நானும் ஒண்டு செஞ்சேன். உம்மா அதக் குப்பைக்குப் போட்டுட்டாங்க. அதில நான் கீறின டீச்சர்ட முகம் ஆட்டு முகம் மாதிரி ஈக்காம்."

"என்டயும் கிழிச்சிட்டாங்க" என்றான் பின் வாங்கில் ஒரு பையன். ஜஹானாவின் மகள், "எனக்குத் தொடங்கவே விடல்ல, கடதாசி வீணாப்போகுமாம்" என்றாள். இன்னும் யாரோ கையை உயர்த்தினார்கள். கைரியா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸுமைரா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "என்டது நீங்க செஞ்சதவிடக் கோணல், மாமி" என்றாள். "நான் நேரா வெட்டத்தான் பாத்தேன்."

கைரியாவால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.