பக்கத்து மனையில் ஒரு முருங்கைக் கொம்பு

மண் எங்களுடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நியாயம் கேட்பது போலாகிவிடும்.

எண்பதுகளின் நடுவில் சிட்லபாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, இடது பக்கம் ஒரு கிரவுண்ட் மனை காலியாகக் கிடந்தது. சொந்தக்காரருக்கு பம்பாயில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வந்து, நான்கு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். "செடி கிடி ஏதாவது போட்டுக்கோங்க மேடம். சும்மா கிடந்தா எவனாவது குடிசை போட்டுடுவான்" என்று அவரேதான் சொன்னார்.

நான் மண்வெட்டி வாங்கினேன்.

முதல் வருடம் மண் என்னை ஏற்கவில்லை. எங்கள் வீடு கட்டிய மிச்சமே அதில்தான் கொட்டியிருந்தது. உடைந்த செங்கல், ஜல்லி, சிமெண்ட் கட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பொறுக்கினேன். சாம்பலும் சாணியும் கறிகாய்த் தோலுமாகக் கொட்டினேன். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போனதில்லை. வெண்டை போட்டேன், இலை நரம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்து நின்றது. கத்திரி போட்டேன், ஒவ்வொரு காயிலும் எனக்கு முன்பே ஒரு புழு குடியிருந்தது. தக்காளி பழுக்கிற வாரத்தில் ஒரு மாடு படலைத் தள்ளிக்கொண்டு வந்து, நிதானமாக, விருந்துக்கு வந்தது போல, நின்று தின்றுவிட்டுப் போனது. அழுதேன். சிரிக்காதீர்கள், ஒரு மாட்டைப் பார்த்து அழுதேன்.

இரண்டாம் வருடம் மண் கறுத்தது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பந்தலில் புடலை இறங்கியது. வளையாமல் இருக்க ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் சணல் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிவிடுவேன். காலை எட்டு மணி எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஓடுகிற அவசரத்திலும் பந்தலுக்கடியில் ஒரு நிமிடம் நிற்பேன். அத்தனை கற்களும் காற்றில் மெல்ல ஆடும். பகல் முழுக்க பாரிமுனையில் அடுத்தவர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த எனக்கு, நான் சொல்லி ஒன்று நேராக வளர்ந்தது அங்கே மட்டும்தான்.

பின்வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தைப் பார்த்தவர். இப்போது இரும்புக் கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தினமும் சாயங்காலம் மதில்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு என் தோட்டத்தைக் கேலி செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு.

"இன்னா தங்கச்சி, டைப் அடிக்கிற மாதிரியே கொத்துற? மம்மட்டிய பூமில போடு, கால்ல போட்டுக்காத."

"நீங்க வந்து கொத்திக் குடுங்களேன் அண்ணா."

"நான் கொத்துனா காய் எனக்குத்தான் காய்க்கும், பரவால்லியா?"

சிரிப்போம். ஆனால் கத்திரிப் புழுவுக்கு வேப்பம்புண்ணாக்கு ஊறவைத்துத் தெளிக்கச் சொன்னவர் அவர். பாகலுக்கு எந்தப் பக்கம் வெயில் வேண்டும் என்று காட்டியவர் அவர். ஒவ்வொரு பறிப்பிலும் முதல் பங்கு மதிலைத் தாண்டி அவர் வீட்டுக்குத்தான் போகும். மூன்றாம் வருடம், மழைக்கு முன்னால், கைப்பருமனுள்ள ஒரு முருங்கைக் கொம்பை வெட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"மூலைல நட்டு வுடு. வெட்டுன எடத்துல சாணிய உருண்ட புடிச்சு அப்பிடு, தண்ணி எறங்காது. வேலிக்கு வேலியாச்சு, காய்க்குக் காயாச்சு."

நட்டேன். சாணி உருண்டை வைத்தேன். பத்தே நாளில் கணுவெல்லாம் பச்சைப் புள்ளி. தை பிறந்தபோது அது மதிலைத் தாண்டித் தலையாட்டிக்கொண்டு, முதல் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாத ஒன்று இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்தவர் மனையில் கீரை போடலாம், கொடி விடலாம். மரம் வைக்கக்கூடாது. கொடி ஒரு பருவத்தில் போய்விடும். மரம் வைத்தவன் போகமாட்டான் என்பதுதான் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களின் பயம். செங்கல்பட்டுப் பக்கம் தெரியாமல் வளர்ந்த தட்டச்சுக்காரிக்கு இது எப்படித் தெரியும்? மதில்மேல் கை ஊன்றி நின்றவருக்குத் தெரியும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பம்பாய்க்காரர் வந்தார். கூடவே பின்வீட்டு அண்ணா. அவர் கையில் அளக்கிற டேப். என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போனவர் திரும்பியிருக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பை எடுத்துவந்து, ஊருக்குக் கொண்டுபோகட்டும் என்று புடலை இரண்டு, ஒரு கை பாகல் என்று போட ஆரம்பித்தேன்.

"வேண்டாம் மேடம்" என்றார் பம்பாய்க்காரர். என் முகத்தைப் பார்க்காமல் முருங்கையைப் பார்த்தார். "செடி போடச் சொன்னேன். மரம் வெச்சிட்டீங்களே."

"மரமா? அது... அண்ணா குடுத்த கொம்பு சார்!"

அவர் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து என்னிடமே கொடுத்தார். கடிதங்களோடு வாழ்கிறவள் நான், ஒரே பார்வையில் படித்துவிட்டேன். 'வேலி போட்டார்கள், இப்போது மரமும் வைத்துவிட்டார்கள், இன்னும் நாலு வருடம் போனால் கிளப்ப முடியாது, விற்பதானால் நானே வாங்கிக்கொள்கிறேன்.'

"இன்னா அண்ணா இது?" என்றேன். என் வாயில் அவர் தமிழ் வந்ததை அப்போது கவனிக்கவில்லை.

டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "இது எங்கப்பன் வித்த மண்ணு தங்கச்சி. நானும் மூணு வருசமாக் கேட்டுகினு கீறேன், சார் குடுக்கமாட்டேன்னாரு. எதுனா ஒண்ணு எழுதுனாத்தான..." நிறுத்தினார். "நீ வேணா, வூடு கட்டி முடிச்சப்புறம், ஓரமா நாலு மொளகாச் செடி போட்டுக்கோ. நானா வேணாங்கப் போறேன்?"

அப்போதும் தங்கச்சி. அந்தச் சொல்லை அவர் கைவிட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

பம்பாய்க்காரருக்குச் சங்கடம். "மேடம், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். ரெண்டு வாரம் முன்னாடியே உங்க சாரோட ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே. நாளைக்கு ரெஜிஸ்ட்ரேஷன். பாத்தி எல்லாம் எடுத்துடுறோம்னு சொன்னாரே."

என் கையில் பாகற்காய்ப் பை. பந்தலில் கற்கள்.

அன்று பூராவும் பறித்தேன். பிஞ்சு, முற்றல் எதையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் பாலைச் சமையலறையில் வைத்துவிட்டு, எல்லாம் புரிந்தவராய் வாசலிலேயே நின்றார். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகுதான் கேட்டேன்.

"ரெண்டு வாரமாத் தெரியுமா?"

"ம்."

"போன் வந்த மறுநாள்தானே நான் முள்ளங்கி விதைச்சேன்?"

"சொன்னா அன்னிக்கே நிறுத்திடுவே. இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு..."

"யாரு?"

அவர் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார்.

பின்வீட்டுக்காரரை ஒரு கட்டத்தில் மன்னித்தேன். அப்பா விற்ற மண்ணுக்கு ஏங்கிய மனிதன், வழி கோணல், ஆசை நேர். அதை என்னால் வாக்கியமாக எழுதிவிட முடிகிறது. எழுத முடியாமல் இன்றும் புரட்டிக்கொண்டிருப்பது அந்த இரண்டு வாரங்களைத்தான். எந்த நாள் என் வீட்டுக்காரர் சிரித்தார், எந்த நாள் பாத்தி ஓரம் உட்கார்ந்து தேநீர் குடித்தார், முளைவிட்ட முள்ளங்கியின் இரட்டை இலையை நான் கூப்பிட்டுக் காட்டியபோது "நல்லா வந்திருக்கே" என்று எந்தக் குரலில் சொன்னார்.

அந்த நாட்களில் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால், கிணற்றிலிருந்து அவரே தண்ணீர் இறைத்துவந்து முள்ளங்கிப் பாத்தி முழுவதும் ஊற்றியிருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. மூன்று வருடத்தில் அவர் என் தோட்டத்துக்குத் தூக்கிய முதல் குடம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு தூக்கம் வரும்வரை அதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.