கூடையில்லாத கழுத்து

நடைபாதை முடிந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத விஷயம் இது. அகலமாகக் கல் பதித்து, ஓரத்தில் பூச்செடி நட்டு, குழாய் வைத்துத் தண்ணீரும் விட்டிருப்பார்கள். நம்பி நடந்தால், ஒரு காரணமும் சொல்லாமல் மணலில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் பெருந்தெருவின் ஓரத்தில்தான் நடக்க வேண்டும். ஷார்ஜா தொழிற்பேட்டைப் பக்கம், பகல் பதினொரு மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் என்னுடைய கோப்பை, அலுவலகத்துக்குள் போடும் செருப்பு, குறிப்பு எழுதும் ஒரு கொப்பி. ஒன்றரை வருடம் வேலை செய்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வர இவ்வளவுதான் இருந்தது.

வெள்ளைக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் இந்த நாட்டுக்காரர். உன் கார் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். கார் இல்லை என்றேன். யார் கொண்டுபோனார்கள் என்றார். யாரும் கொண்டுபோகவில்லை, எனக்குக் கார் கிடையாது, நடக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்துப் போலீசுக்கு அடிக்கப் பார்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இரக்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுப் போனார். கார் பறிகொடுத்தவனாக அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

ஊரில் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கினால், தேயிலைத் தோட்டத்துக்குள் வரிசை வீடாக இருக்கும் எங்கள் லயத்துக்கு மூன்று மைல் ஏற்றம். அட்டை ஏறும், மழை பிடிக்கும், மூட்டை கனக்கும். ஆனால் நடப்பதற்குக் காரணம் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு நடப்பதும் எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். புறக்கோட்டையில் புடவைக் கடையில் நின்றேன். நோட்டன் பிரிட்ஜில் ஒரு கென்டீனில் ரொட்டி போட்டேன். ஹட்டனில் தையற்கடையில் இருந்தேன். கொழும்பில் கட்டிட வேலை, பிறகு கட்டாரில் கட்டிட வேலை, பிறகு இங்கே. சண்டை போட்டு விட்ட வேலை ஒன்றுமில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது போதும் என்று தோன்றும். புறப்பட்டுவிடுவேன். அக்கா சொல்வாள், எனக்கு உள்ளங்காலில் அரிப்பு என்று. ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் விடக்கூடாது என்று நினைத்திருந்தேன். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல ஊரை விட்டவர்களும் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். அனுதாபத்துக்காக இல்லை. இப்படியும் ஒரு வேலை போகும் என்று தெரிந்திருக்கட்டும்.

அது ஒரு சிறிய கம்பெனி. இன்னும் கட்டாத கட்டிடங்களுக்குக் கணினியில் படம் செய்துகொடுப்பார்கள். கட்டிடம் மட்டும் இருந்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதாம், உள்ளே மனிதர் நடமாட வேண்டுமாம். அந்த மனிதர்களையும் கணினியிலேயே செய்வார்கள். நான் அங்கே தரை துடைத்து, தேநீர் ஊற்ற வந்தவன். விசாவில் அப்படித்தான் எழுதியிருந்தது.

உருவங்களைச் செய்தவள் ஜோய் என்ற பிலிப்பைன்ஸ்காரி. அவளிடம் ஒரு ஆணுடம்பும் ஒரு பெண்ணுடம்பும் இருந்தன. அவைதான் மூலம். திரையில் ஒரு அளவுகோல் இருக்கும். அதை இழுத்தால் அந்த உடம்பு குண்டாகும், மெலியும், வளரும், வயதாகும். ஒரே உடம்பிலிருந்து நூறு பேர். அந்த மாற்றத்தை அவர்கள் மோர்ஃப் என்பார்கள். உடம்பு மாறும்போது உடுப்பும் கூடவே மாற வேண்டும். அங்கேதான் தொல்லை. உடம்பைக் குண்டாக்கினால் சட்டையைக் கிழித்துக்கொண்டு வயிறு வெளியே வரும். பொத்தான் ரொட்டி மாவு மாதிரி இழுபடும். காலை எடுத்து வைத்தால் பாவாடை நடுவில் பிளந்து இரண்டு காலிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு உடுப்பையும் திருத்த வேண்டும், சுருக்கத்தை எடுக்க வேண்டும், உள்ளே போனதை வெளியே இழுக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவளுடைய திரையைத் துடைக்கும்போது அப்படிப் பிளந்த பாவாடை ஒன்றைப் பார்த்தேன். இது இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் உள்ள துணி ஒரு காலுக்கும் சொந்தமில்லை என்று வையுங்கள், சரியாகிவிடும் என்றேன். தையற்கடையில் நின்றவனுக்கு அது தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மதியம் சாப்பிடப் போகும்போது கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கு வந்து, எட்டுக்குள் தரையை முடித்துவிட்டு, அந்தக் கதிரையில் உட்காருவேன். மூன்று மாதத்தில் உடுப்பு வேலையெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. முதலாளி லெபனான்காரர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்தார். ஒரு பெரிய ஹோட்டல் வேலை வருகிறது, அது நன்றாக முடிந்தால் இந்த மேசைக்கே உன்னைப் போட்டு விசாவையும் மாற்றிவிடுகிறேன் என்றார். அன்று பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னடா வேல அது?"

"இல்லாத ஆளுகளுக்கு உடுப்பு சரி பண்றது."

"இருக்கிற ஆளுகளுக்கே உடுப்பு சரியில்ல. நீ அங்க போய் இல்லாதவங்களுக்குத் தச்சுக் குடுக்குற."

அக்காவின் பெயர் செல்வமணி. பதினாறு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இருபது வருடமாக மலை ஏறுகிறாள். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டொக்டர் ஒரு கழுத்துப் பட்டி கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் கயிறு நிற்காது. பட்டி பெட்டிக்குள் இருக்கிறது.

ஹோட்டல் வேலை வந்தது. வரவேற்புக் கூடம், தோட்டம், நீச்சல் குளம், எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். விருந்தாளிகள், மணப்பெண், வேலை பார்க்கும் பெண்கள் என்று நாற்பது பேர். நீளக் கோட்டும் காலர் வைத்த சட்டையும்தான் அதிகம். எதைப் போட்டாலும் பின்கழுத்தில் காலர் உடைந்தது. துணிக்கு வெளியே தோல் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் திருத்து என்று சொல்லிவிட்டு ஜோய் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் திருத்தினேன், முடியவில்லை. மூன்றாம் நாள்தான், பிழை துணியில் இல்லை, உடம்பில் என்று எனக்குப் பட்டது. அந்தப் பெண்ணுடம்பு நிற்கும் விதமே சரியில்லை. பின்னால் சாய்கிற மாதிரி நிற்கிறாள். மூல உடம்பைத் திறந்து தலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். காலர் அப்படியே அமைந்தது. சேமித்தேன். நாற்பது பேருக்கும் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது. கெட்டிக்காரத்தனமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல்காரர்கள் படம் பார்க்க வந்த நாளில் தேநீர் கொண்டுபோனது நான்தான். மேசை இன்னும் என் பெயருக்கு வரவில்லை, தட்டுத்தான் என்னுடையது. அறைச் சுவர் முழுவதும் படம். வந்திருந்த அம்மா ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் பெண்கள் எல்லாரும் எதைத் தேடுகிறார்கள்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நாளும் ஒரு சாண் உயரத்தில் பார்த்தவர்களை ஆள் உயரத்தில் பார்த்தது அன்றுதான். பளிங்குத் தரையில், கண்ணாடி விளக்குக்குக் கீழே, கோட்டும் குதி உயர்ந்த சப்பாத்தும் போட்ட நாற்பது பெண்கள் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் நேராக நிற்கிறார்கள். காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடும்வரை எங்கள் பெண்கள் நிற்பார்களே, அதே நிற்பு. முதுகில் கூடைதான் இல்லை.

ஹட்டன் தையற்கடையில் மாஸ்டர் பிளவுசுக்கு அளவு எடுக்கும்போது கேட்கிற முதல் கேள்வி நினைவுக்கு வந்தது. "டவுனா, தோட்டமா?" தோட்டம் என்றால் பின்கழுத்தில் அரை அங்குலம் ஏற்றி வெட்டுவார். இல்லாவிட்டால் பிளவுஸ் உட்காராது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அக்காவின் கலியாணத்துக்கு ஹட்டனிலேயே ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். படம் பிடிப்பவர் அவளுடைய நாடியில் விரலை வைத்துத் தலையைப் பின்னால் தள்ளுவார். கெமராவுக்குப் போய்ச் சேருவதற்குள் தலை பழைய இடத்துக்கு வந்துவிடும். நாலைந்து தரம் தள்ளினார். "அண்ணே, இதுக்கு மேல தள்ளுனா மல்லாந்து விழுந்துருவேன்," என்றாள் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். படம் பிடிப்பவருக்குத்தான் பொறுமையில்லை என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

அவர்கள் போனதும் மூல உடம்பை யார் தொட்டது என்று முதலாளி கேட்டார். ஜோய்யின் கணினி, ஜோய்யின் பெயர். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான்தான் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் நிமிர்த்திக் கொடு, மேசை உன்னுடையதுதான் என்றார். நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பழைய உடம்புக்குப் பிரதி இல்லை. அதன் மேலேயே சேமித்துவிட்டேன். கண்ணால் பார்த்துத்தான் நிமிர்த்த வேண்டும். மறுநாள் ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். தலையைப் பின்னால் எடுத்தேன். சரியாக இருந்தது. எட்டு மணிக்கு ஜோய் வந்து பார்த்து, இன்னும் முன்னால் நிற்கிறது என்றாள். இன்னும் எடுத்தேன். எனக்கு அந்தப் பெண் மல்லாந்து விழப்போகிறவள் மாதிரித் தெரிந்தாள். ஜோய் பார்த்து, இல்லை, இன்னும் என்றாள். இன்னும் எடுத்தேன். பயமாக இருந்தது. என் கை தானாக ஒரு நூல் முன்னால் கொண்டுவந்தது. ஒன்பதே முக்காலுக்கு முதலாளி வந்து நின்றார்.

"உனக்கு இது நேராகத் தெரிகிறதா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லி, ஜோய் சொன்ன இடத்துக்கே கொண்டுபோயிருக்கலாம். தெரிகிறது என்று சொன்னேன்.

அவர் ஜோய்யை உட்காரச் சொன்னார். அவள் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி தன்னைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். பிறகு எழும்பி, என் கண்ணைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள். முதலாளி என் தோளில் கை வைத்தார். துடைப்பதிலும் தேநீரிலும் உன் மேல் ஒரு குறையும் இல்லை, அதையே பார்த்துக்கொள், வேலை போகாது என்றார்.

அதைத்தான் செய்திருக்க வேண்டும். அக்காவாக இருந்தால் செய்திருப்பாள். தட்டைக் கழுவி வைத்தேன். கோப்பையையும் செருப்பையும் கொப்பியையும் பையில் போட்டேன். படி இறங்கியதும் கால் தானாக நடந்தது.

அந்த நடைபாதை முடிந்த இடத்திலிருந்து அறைக்கு வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். கொழுந்தை எடை நிறுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்தாள். பக்கத்தில் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள்.

"கூடையக் குடுக்காம கழுத்த மட்டும் குடுத்தியாடா அந்தப் பொம்பளைங்களுக்கு?"

"எனக்குத் தெரியலக்கா. நல்லாதான் நிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப நிமித்திட்டாங்களா?"

"நிமித்திட்டாங்க."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். பத்து நிமிஷத்துல."

மழைச் சத்தம்தான் கேட்டது.

"பத்து நிமிஷத்துலயா," என்றாள். பிறகு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, அறைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு சலவைக் கடைக்குள் போய் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். மேலாளர் ஒரு மலையாளி. என்ன தெரியும் என்றார். துணியில் சுருக்கம் எடுப்பேன் என்றேன். விசாவைப் பிறகு பார்க்கலாம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு இயந்திரம். இரும்புக் காலில் துணியால் செய்த ஒரு உடம்பு. அதற்குக் கோட்டை மாட்டி மிதியை அழுத்தினால் நீராவி ஏறி, தோள் விரிந்து, நெஞ்சு நிமிர்ந்து, சுருக்கமெல்லாம் போய்விடும். தலை கிடையாது. கழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு தகர மூடி. இதில் எதை முன்னால் தள்ள முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஒரு பெண்ணின் நீளக் கோட்டு. மாட்டி, மிதியை அழுத்தினேன். நிமிர்ந்தது. காலர் சரியாக உட்காராத மாதிரி இருந்தது. பின்பக்கம் அரை அங்குலம் தூக்கிவிட்டேன். மேலாளர் வந்து பார்த்தார். காலரை இறக்கிவிட்டு, அடுத்த கோட்டை என் கையில் தந்தார்.